படத்தில் இல்லாத தசை

பெயின்ட் கடை மாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறவளை எல்லோரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் அது. ஆரம்ப காலத்தில் அவள் நின்ற இடத்திலிருந்தே ஒரு குதி குதித்தால், தலை மின்விசிறியில் இடித்துவிடுமோ என்று முன்வரிசை கண்ணை மூடிக்கொள்ளும். பஞ்சு விழுந்த மாதிரி சத்தமில்லாமல் இறங்குவாள்.

அவளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தத் தசைக்கு வேலையோ அதை அறிமுகப்படுத்தாமல் பயிற்சியைத் தொடங்கமாட்டாள். சுவரில் தோலுரித்த மனிதர்கள் இரண்டு பேர் படமாகத் தொங்கினார்கள். ஒருவன் நம்மைப் பார்த்து நிற்பான், இன்னொருவன் முதுகைக் காட்டி நிற்பான். ஸ்பிரிங் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவாள்.

"கையை மடக்கறப்ப மேல உருண்டு வருதே, இது இருதலைத்தசை. இப்ப கையை நீட்டுங்க. நீட்டறது யாரு? இவர் இல்ல. இவர் சும்மா விட்டுக்குடுக்கறார். பின்னாடி இருக்காரே முத்தலைத்தசை, அவர்தான் முழங்கை எலும்பைப் பிடிச்சு இழுக்கறார். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கயித்தை வச்சு யாராவது எதையாவது தள்ள முடியுமா?"

"எங்க டிரைவர் மாதிரி. அவருக்கு முன்னாடி போக மட்டும்தான் தெரியும். ரிவர்ஸ் எடுக்கணும்னா நான் இறங்கிப் பின்னாடி நிக்கணும்" என்பாள் கண்டக்டர்.

கண்டக்டர் நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுக்கிறவள். வகுப்பில் அவளுக்கு இடம் இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். அவள் வாயைத் திறந்தால் அன்றைக்குப் பயிற்சி பாதிதான் நடக்கும், மீதி சிரிப்பு. ஸ்பிரிங்குக்கும் அவளைப் பிடிக்கும். கண்டக்டர் நாலு கிலோ குறைத்தபோது வகுப்பையே கைதட்ட வைத்தவள் ஸ்பிரிங்தான்.

ஆனால் குதிக்கிற பயிற்சி வந்தால் கண்டக்டருக்குப் பாத்ரூம் வந்துவிடும். முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது ஸ்பிரிங் மட்டும். ஏனென்றால் அந்த ஓட்டம் எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

இளைய மகள் சின்னவள் பிறந்த பிறகு ஸ்பிரிங்கால் குதிக்க முடியவில்லை. தரையைத் தொடுகிற நொடியில், அவளைக் கேட்காமலே கொஞ்சம் சிறுநீர் வந்துவிடும். தும்மினாலும் அப்படித்தான். சின்னவள் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்தும் அது போகவில்லை. கறுப்பு பேன்ட்டைத் தவிர வேறு போடுவதை விட்டாள். உள்ளே நாப்கின் வைத்துக்கொண்டாள். குதிக்கிற கட்டம் வந்தால் கையைத் தட்டி எண்ணுவாள், வரிசைகளுக்கு நடுவே நடந்து முழங்காலைத் திருத்துவாள். டீச்சர் திருத்துகிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஸ்பிரிங் என்று பெயரெடுத்தவள் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

அன்று காலை முன்வரிசையில் நிற்கும் மருந்துக்கடைக்காரி தொடங்கிவைத்தாள்.

"நீங்க குதிச்சுப் பார்த்து எவ்ளோ நாளாச்சு ஸ்பிரிங்! ஒரு தடவை காட்டுங்க. புதுசா வந்தவங்க பார்க்கவே இல்ல."

"ஆமாமா, ஃபேனை ஆஃப் பண்ணட்டுமா?" என்றது பின்வரிசை. கைதட்டலும் ஆரம்பித்தது.

ஸ்பிரிங்குக்குக் காது சூடாகிவிட்டது. கண் அறையைச் சுற்றியது. கண்டக்டர் கதவை நோக்கி நழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்டக்டர்! குதிக்கற ஸ்டாப் வந்தா மட்டும் கரெக்டா இறங்கிடறீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கண்டக்டரும் சிரித்தாள்.

"அவசரம் டீச்சர். போயிட்டு ஓடி வந்துடறேன்."

"அதெல்லாம் அப்புறம். இன்னைக்கு நீங்கதான் முன்னாடி வந்து குதிச்சுக் காட்டப்போறீங்க. வாங்க வாங்க. மூச்சைப் பிடிங்க, வயித்தைக் கல்லு மாதிரி வைங்க. ஒண்ணு!"

கண்டக்டர் ஸ்பிரிங்கின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்கிற பார்வை அது. ஸ்பிரிங் அந்தப் பார்வையைப் படித்தாள். படித்துவிட்டு, "ரெண்டு!" என்றாள்.

சாம்பல் நிற பேன்ட் அது. மூன்றாவது குதியில் இரண்டு தொடைக்கு நடுவிலும் கறுத்தது. ரப்பர் விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். துண்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எல்லோர் கண்ணும் தன்மேல் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பிரிங்கின் வாய் தானாகப் பேசியது.

"இதுக்குத்தான் வீட்லயே போயிட்டு வாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்."

கண்டக்டர் குனிந்து, தன் துப்பட்டாவால் அந்தச் சொட்டைத் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அதன் பிறகு வரவில்லை.

இந்த இடத்தில் அந்தச் சொட்டு ஏன் விழுந்தது என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் கண்டக்டரையோ ஸ்பிரிங்கையோ யாரும் எடை போடக்கூடாது.

குதிப்பது என்றால் காலின் வேலை என்று நினைக்கிறோம். பாதி உண்மைதான். பிட்டத்தில் இருப்பது உடம்பிலேயே பெரிய தசை, அது இடுப்பை நிமிர்த்துகிறது. தொடையின் முன்பக்கம் நாலு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து முழங்காலை நீட்டுகின்றன. கெண்டைக்கால் தசை குதிகாலைத் தூக்கிவிடுகிறது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்க, உடம்பு மேலே போகிறது. இறங்கும்போது அதே தசைகள் மெல்ல மெல்ல நீண்டுகொடுத்து வேகத்தைக் குறைக்கின்றன. நல்ல தசைக்கு அழகு அந்த இறக்கத்தில்தான்.

ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற குடலும் ஈரலும் மூத்திரப்பையும்கூட நம்மோடு சேர்ந்துதான் குதிக்கின்றன. வயிற்றை ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கூரை உதரவிதானம், மூச்சுக்கு ஏறி இறங்குகிற தசை. சுற்றுச்சுவர் வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும். தரை? முன்னால் இருக்கிற இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை ஒரு தசை விரிந்திருக்கிறது. ஒரு துணியை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. அதற்கு இடுப்புத்தளத் தசை என்று பெயர். மேலே இருக்கிற அத்தனையையும் அது தாங்குகிறது, கீழே இருக்கிற வாசல்களை மூடியும் வைக்கிறது. நாம் தரையில் இறங்குகிற நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் அதன்மேல் வந்து விழுகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தத் துணி ஒருமுறை கிழிகிற அளவுக்கு இழுபட்டிருக்கும். பேருந்தில் நின்று, போக நேரமில்லாமல் நாள் முழுக்க அடக்கிவைத்துப் பழகியவர்களுக்கு அது எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்பதே மறந்துபோயிருக்கும்.

ஸ்பிரிங்கின் சுவரில் இருந்த இரண்டு பேரும் இதைக் காட்டமாட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் அந்தத் தசை தெரியாது. கீழேயிருந்துதான் பார்க்க வேண்டும். யார் அப்படிப் படம் போட்டு மாட்டுவார்கள்?

ஸ்பிரிங் அந்தத் தசையைக் கேள்விப்படாதவள் இல்லை. போனில் தேடிப் படித்திருந்தாள். 'உள்ளே இழுத்துப் பிடிக்கவும்' என்று போட்டிருந்ததை நம்பி, சமைக்கும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் மூச்சைக் கட்டி, பல்லைக் கடித்து, வருஷக்கணக்கில் இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் மாறவில்லை. தன் உடம்பே தனக்குத் துரோகம் செய்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள்.

கண்டக்டர் வராத இரண்டாவது வாரம், நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். அவள் பெண்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கேட்க வேண்டிய ஆள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தும் ஸ்பிரிங் கேட்காததற்குக் காரணம், அவள் நாத்தனார் என்பதுதான். இன்றைக்கு அவளிடம் சொன்னால் நாளைக்கு மாமியார் காதுக்குப் போகாதா?

இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கிளாஸ்ல ஒரு அம்மா" என்று ஸ்பிரிங் மெல்ல ஆரம்பித்தாள். "குதிச்சா கொஞ்சம் வந்துடுதாம். பாவம். என்ன பண்றதுன்னு கேட்டாங்க."

"எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா இருக்கும்போல. எனக்கென்ன தெரியும்?"

நாத்தனார் தன் அண்ணன் சட்டையை விரித்துப் பிடித்து, அதன் வயிற்றுப் பகுதியைக் காட்டினாள். "இந்த பட்டன் ரெண்டும் எப்ப வேணா ராஜினாமா பண்ணிடும் போலருக்கே அண்ணி. டீச்சர் வீட்டுக்காரர்னு வெளிய சொல்லிக்கறாரா, இல்ல மறைச்சுட்டாரா?"

ஸ்பிரிங் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு காலை இன்னொரு காலின்மேல் இறுக்கிப் பின்னிக்கொண்டாள்.

நாத்தனார் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நீங்க எப்பவும் காலைப் பின்னிக்கிட்டுத்தான் சிரிப்பீங்களா?"

ஸ்பிரிங்கின் சிரிப்பு அப்படியே நின்றது. மடித்த துண்டை எடுத்து மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்க அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றாள்.

"எங்க அம்மாவுக்கே இருக்கு. அவங்க உங்ககிட்ட சொல்லிடாதேன்னு சொல்லிருக்காங்க. ஐயோ, சொல்லிட்டேன். நீங்க கேக்கலை, சரியா? வாங்க, படுங்க."

பாயில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொன்னாள். அடிவயிற்றின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்தாள்.

"தூக்குங்க பார்க்கலாம். நீங்க வழக்கமா பண்ற மாதிரி."

ஸ்பிரிங் மூச்சைப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். அடிவயிறு நாத்தனாரின் கையை முட்டிக்கொண்டு எழும்பியது.

"அண்ணி, தூக்கச் சொன்னா தள்றீங்க."

"தசை எப்படித் தள்ளும்?" ஸ்பிரிங்குக்குள் இருந்த டீச்சர் எழுந்துகொண்டாள். "அதுக்கு இழுக்க மட்டும்தானே தெரியும்?"

"அது தள்ளல. அதுமேல எல்லாரும் ஏறி மிதிக்கறாங்க. மூச்சைப் பிடிச்சா கூரை கீழயே நிக்குது. வயித்தை இறுக்கினா நாலு சுவரும் உள்ள நெருக்குது. அந்த அழுத்தம் எங்க போகும்? தரைக்குத்தான். நீங்க தூக்கறதா நினைச்சுக்கிட்டு, இத்தனை நாளா அதை மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க."

ஸ்பிரிங் மோட்டுவளையைப் பார்த்தாள்.

"மூச்சை உள்ள இழுங்க. வயிறு உப்பட்டும், கீழ எல்லாம் தளரட்டும். தளர்ந்தாத்தான் அப்புறம் தூக்க எடம் இருக்கும். இப்ப மூச்சை விட்டுக்கிட்டே, காத்து பிரியறதை அடக்கற மாதிரி, பின்னாலேந்து முன்னால மெதுவா மேல எடுங்க. பல்லு எதுக்கு? பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து முறைக்குப் பிறகு, வெளியே போகிற மூச்சோடு உள்ளே எங்கோ ஒன்று சின்னதாக மேலேறியது. கூரையும் தரையும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கின. அவ்வளவு சின்ன அசைவு. அவ்வளவு மென்மையான வேலையை அவள் கல்லாலடித்துச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"வருதா?"

"வருது."

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் ஸ்பிரிங் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடிங்க, வயித்தைக் கல்லு மாதிரி வைங்க. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! கண்டக்டரை முன்னால் நிறுத்தி, அதையே சொல்லித்தானே குதிக்கவைத்தாள்? ஆளையும் கூப்பிட்டு, விழுகிற மாதிரி குழியையும் வெட்டிவைத்திருக்கிறாள்.

மறுநாள் கண்டக்டரின் பேருந்தைப் பார்த்து ஏறினாள்.

"டிக்கெட்" என்றாள் கண்டக்டர், யாரோ முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல.

"கடைசி ஸ்டாப்."

சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு முன்னால் போய்விட்டாள். ஸ்பிரிங் பின்னிருக்கையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கண்டக்டர் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், முழங்கால்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். கண்டக்டர் பையை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"இறங்கலையா?"

"ஒரு விஷயம் சொல்லணும். எனக்கும் அப்படித்தான்."

"என்ன அப்படித்தான்?"

"குதிச்சா எனக்கும் வந்துடும். அதான் நான் குதிக்கறதில்ல. அதான் கறுப்பு பேன்ட்."

கண்டக்டரின் முகம் ஒரு நொடி இளகியது. எதிர் இருக்கையில் உட்காரக்கூட உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பலேந்து?"

"சின்னவ பொறந்ததுலேந்து."

கண்டக்டர் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்த இளக்கம் வற்றிக்கொண்டே போனது.

"அப்ப அன்னைக்கு நான் எதுக்கு ஓடறேன்னு உங்களுக்குத் தெரியும்."

ஸ்பிரிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்க."

"என்னைக் குதிக்கச் சொன்னாங்க. எனக்கு வேற வழி தெரியல. பயந்துட்டேன்."

"பாவம், அந்தம்மாவுக்கு இதெல்லாம் வந்ததில்ல, அதான் தெரியாம பேசிட்டாங்கன்னு நினைச்சேன்." கண்டக்டரின் குரல் உயரவே இல்லை. "அப்படி நினைச்சுத்தான் இத்தனை நாளா மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப அதையும் வந்து எடுத்துக்கிட்டுப் போறீங்க."

"மன்னிச்சுடுங்கக்கா. நானே வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லித்தரேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள..."

"ரெண்டு பேருக்குள்ளயா?" கண்டக்டர் எழுந்துவிட்டாள். "என்னைச் சொன்னப்ப நாம ரெண்டு பேரா இருந்தோம்? ஊரைக் கூட்டி வச்சு அசிங்கப்படுத்திட்டு, மன்னிப்பு மட்டும் காதுல கேக்கறீங்க. இறங்குங்க டீச்சர். வண்டி டிப்போவுக்குப் போகணும்."

ஸ்பிரிங் அன்று அந்தக் கடைசி நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்தாள். எந்தப் பேருந்தில் ஏறவும் முகம் இல்லை.

அடுத்த வகுப்பில் குச்சியை எடுக்கவில்லை. எல்லோரையும் விரிப்பில் உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குச் சொல்லப்போற தசை இந்தப் படத்துல இல்ல" என்றாள். கூரை, சுவர், தரை என்று நாத்தனார் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவருகில் காக்கிச் சட்டை தெரிந்தது. எல்லோர் முன்னாலும் ஸ்பிரிங் என்ன சொல்கிறாள் என்று பார்க்க வந்தவள்போல, கண்டக்டர் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். ஸ்பிரிங் கையைத் தொடையின்மேல் அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு அந்தத் தசை வலுவா இல்ல. குதிச்சா, தும்மினா, சிறுநீர் வந்துடும். அதை மறைக்கத்தான் கைதட்டிக்கிட்டு சுத்தி வந்தேன். அன்னைக்கு நீங்க என்னைக் குதிக்கச் சொன்னப்ப, மாட்டிக்குவேன்னு பயந்து கண்டக்டரை முன்னாடி தள்ளினேன். அவங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சேதான் தள்ளினேன். போதாததுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லித் தப்பாவும் சொல்லிக்கொடுத்தேன். உங்க எல்லாருக்கும்தான்."

கீழே கடையில் பெயின்ட் டப்பாவை இயந்திரத்தில் வைத்துக் குலுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடுவார்கள் என்று ஸ்பிரிங் நினைத்தாள்.

"தும்மினாலும் வருமா?" மருந்துக்கடைக்காரி கேட்டாள், விரிப்பின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே. "இல்ல... தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்குக் கேட்டேன்."

"எங்க வீட்லயும் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க" என்றது பின்வரிசை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி காலைப் பின்னிக்கொண்டாள்.

புதிதாக வந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "உங்களுக்கே இருக்குன்னா அவங்களை எப்படி டீச்சர் அப்படிச் சொல்ல மனசு வந்துச்சு? வீட்லயே போயிட்டு வாங்கன்னு?"

ஸ்பிரிங் பதிலைத் தேடினாள். கிடைத்ததெல்லாம் சாக்காகத்தான் இருந்தது.

"வந்துச்சு" என்றாள். "அதுதான் எனக்கும் அசிங்கமா இருக்கு."

நிமிர்ந்து வாசலைப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

வகுப்பு முடிய நேரமாயிற்று. மூச்சை இழுத்துத் தளர்த்தவும், விட்டுக்கொண்டே தூக்கவும் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கினாள். கடைசிப் படிக்குப் பக்கத்தில், கடைச் சுவரில் சாய்ந்து கண்டக்டர் நின்றிருந்தாள். பை தோளில் தொங்கியது. அடுத்த ஷிப்டுக்குப் போகிற அவசரம் காலில் தெரிந்தது.

ஸ்பிரிங் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டாள்.

"இருமல் வரும்போது எப்படி?" கண்டக்டர் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இருமறப்ப தூக்கணுமா, இருமிட்டுத் தூக்கணுமா?"

"முன்னாடியே. வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் முதல்ல தூக்கிடணும். அப்புறம் இருமணும்."

"மூச்சு?"

"பிடிக்கக் கூடாது."

கண்டக்டர் தலையாட்டவில்லை. கண்ணை எங்கோ உள்ளுக்குள் திருப்பினவள்போல ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு ஒருமுறை இருமினாள். என்ன ஆயிற்று என்று அவள் முகம் காட்டவில்லை. பையைச் சரிசெய்துகொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று ஸ்பிரிங் எதிர்பார்க்கவில்லை. கண்டக்டர் தெருமுனை திரும்பும்வரை அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.